தொட்டிக்குள் கடல்: அடைத்து வளர்ப்பது அறமா?

வீட்டுக் கூடத்தில் 500 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் பவளத்திட்டு வளர்ப்பவர், நீர் ஊற்றிய அன்றே மீனை விடுவதில்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, 25 டிகிரி வெப்பம், பிறகு பல வாரக் காத்திருப்பு. கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகும்வரை அந்த நீர் மீனுக்கு நஞ்சு.

அறக்கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கடலில் தானாக நடப்பதற்கெல்லாம் தொட்டியில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மின்சாரம் நின்று பம்பு ஓய்ந்தால் சில மணி நேரத்தில் பிராணவாயு குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தப்பிப் போக அவற்றுக்கு வேறு நீர் இல்லை.

பொறுப்பு மீனோடு முடிவதில்லை; உயிர் என்பது எதுவரை? தொல்காப்பியம் அறிவின் எண்ணிக்கையால் உயிர்களை வகுத்தது. சமணம் பவளத்தைக்கூட மண்ணை உடலாகக் கொண்ட ஓரறிவுயிராக எண்ணியது. பவளம் விலங்கு என்று ஐரோப்பிய அறிவியல் கண்டுகொண்டதோ 18ஆம் நூற்றாண்டில்தான். சமணம் சொன்ன காரணம் வேறு. ஆனாலும் கல்லாகத் தெரிவதில் உயிரைக் கண்டு தயங்கிய அந்த மனம் பெரியது.

நல்ல பராமரிப்பு, கடலிலிருந்து பறித்த குற்றத்தை ஈடுசெய்யுமா? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் திட்டுகளில் சயனைடு பீய்ச்சிப் பிடித்த மீனை எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் ஈடாகாது. தொட்டியிலேயே பொரித்த கோமாளி மீன், துண்டாக்கி நட்டு வளர்த்த பவளம் என்றால் குற்றம் குறையும்; ஆனால் அடைப்பு அடைப்புதான். இந்தியாவில் கடலிலிருந்து பவளம் எடுப்பது குற்றம்: 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.