எரியாத உப்பு

தை பிறந்தாயிற்று. போச்சம்பள்ளித் தோப்புகளில் சில பெங்களூரா மாமரங்கள் இன்னும் பூக்கவில்லை. உரக்கடைகளில் ‘பதிமூணு ஜீரோ நாப்பத்தஞ்சு’ கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பையில் இருப்பது பொட்டாசியம் நைட்ரேட். பட்டாசுக்காரர்களுக்கு அது வெடியுப்பு.

*

மரத்தில் தெளிக்க லிட்டருக்கு 10 கிராம் போதும். முதலில் வாளியில் கெட்டியாகக் கரைத்தால் வாளி சில்லிடுகிறது. கரையும்போது தண்ணீரின் சூட்டை இந்த உப்பு இழுத்துக்கொள்ளும். அக்பர் அரண்மனையில் இதை வைத்துக் குடிநீரைக் குளிர வைத்ததாக அவரது அவையில் இருந்த அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். நெருப்போடு சேர்த்தே பேசப்படும் பொருள், தண்ணீரைத் தொட்டதும் குளிர்ச்சி.

*

பீகாரில் வெடியுப்பு எடுத்த நூனியர்கள் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் பழைய மண்சுவர் அடியிலும் பூத்த மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். சாணமும் கோமியமும் ஊறிய அந்த மண்ணில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சேர்த்து வைத்திருக்கும். மண்ணை நீர்விட்டு வடித்து, காய்ச்சி, ஆறவிட்டார்கள்.

ஆறவிடுவதில்தான் முழு வித்தையும். கொதிநீர் 100 மில்லியில் 240 கிராமுக்கு மேல் கரையும் இந்த உப்பு, 20 டிகிரியில் 32 கிராம் அளவே கரையும். மிச்சம் படிகமாகிப் பிரியும். மண்ணோடு கலந்து வரும் சாப்பாட்டு உப்புக்குச் சூடும் குளிரும் ஏறக்குறைய ஒன்றுதான். அது தண்ணீரிலேயே தங்கிவிடும்.

*

போச்சம்பள்ளி இருப்பது பாராமகால் மண்ணில். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மைசூரின் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்த சீமை. மைசூர்ப் படையின் இரும்புக்குழல் ராக்கெட்டுகளை உந்தியது கருமருந்து. கருமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. ஆனால் இந்த உப்பு தானாக எரியாது. 334 டிகிரியில் உருகும். இன்னும் சூடேறினால் தன்னிடமுள்ள ஆக்சிஜனை விடும். எரிவது பக்கத்தில் இருக்கும் கரியும் கந்தகமும். அதனால்தான் உரப்பையை வைக்கோல், டீசல், கந்தகத் தூள் பக்கம் வைக்கக்கூடாது.

*

1970களில் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர் ரமோன் பார்பா, இதே உப்பைத் தெளித்து மாமரத்தைப் பூக்க வைக்கலாம் என்று காட்டினார். மரத்துக்குள் நடப்பது எரிதல் அல்ல, வேறு வேலை: முற்றிய கிளை நுனியில் உறங்கும் மொட்டை நைட்ரேட் எழுப்புகிறது. பூவாகும் பக்குவம் அதற்குள் மொட்டுக்கு வந்திருக்க வேண்டும். இளங்கிளையில் அடித்தால் பூவுக்குப் பதில் தளிர்தான் வரும். அதுவும் வராமல் போகலாம்.

பூத்தால் மருந்தைப் புகழ்கிறோம். அதற்கு முன் மழை பெய்திருக்கிறது, மண் காய்ந்திருக்கிறது, மரம் மாதக்கணக்கில் இலையை முற்ற வைத்திருக்கிறது. உப்பின் பங்கு கடைசி ஒரு தட்டல். அந்தப் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. தட்டாவிட்டால் சில மரங்கள் அந்த வருஷம் சும்மாவே நின்றுவிடும். ஆனாலும் பையைப் பிரிப்பதற்கு முன் ஓர் இலையைப் பறித்துக் கையில் கசக்கிப் பார்ப்பது நல்லது. துவண்டால் பொறுக்க வேண்டும். மொறுமொறுவென்று நொறுங்கினால் அடிக்கலாம்.