ஆறு தண்டால், பன்னிரண்டு ஆண்டு

2000 அக்டோபரில் சிட்னி பாராலிம்பிக்கில், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அடுத்த மாதமே, அந்த அணியில் ஆடிய கார்லோஸ் ரிபகோர்டா உண்மையை எழுதிவிட்டார். அவர் ஒரு பத்திரிகையாளர். எந்தக் குறைபாடும் இல்லாதவர். அணியின் 12 பேரில் 10 பேர் அப்படித்தான். இரண்டு ஆண்டுக்கு மேல் அணியில் இருந்தும், தனக்கு நடந்த சோதனை ஆறு தண்டால் எடுக்கச் சொன்னதும் ரத்த அழுத்தம் பார்த்ததும்தான் என்றார் அவர். அறிவுத்திறன் சோதனைத்தாள் எதையும் யாரும் அவர் முன் வைக்கவில்லை.

இந்தப் பித்தலாட்டத்தில் எடைபோட ஒன்றுமில்லை. எடைபோட வேண்டியது அதன் பிறகு நடந்ததை. 2001 தொடக்கத்தில் சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி, அறிவுசார் குறைபாடு உடைய வீரர்கள் அனைவருக்கும், எல்லா நாட்டவருக்கும், எல்லா விளையாட்டிலும் கதவைச் சாத்தியது. ஏதென்ஸ் பாராலிம்பிக் போனது, பெய்ஜிங் பாராலிம்பிக்கும் போனது.

2001 இறுதியில் கமிட்டியின் தலைவரானவர் பிரிட்டனின் பிலிப் கிரேவன். 16 வயதில் பாறை ஏறும்போது விழுந்து நடக்கும் திறனை இழந்தவர். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஐந்து பாராலிம்பிக் ஆடியவர். ஒரு போட்டி கைநழுவிப் போனால் என்னவென்று ஆடிப் பார்த்தே தெரிந்துகொண்டவர். தடை அவர் போட்டதல்ல. ஆனால் அதைக் கட்டிக்காத்தது அவர் தலைமைதான்.

நிர்வாகத்தின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளி விளையாட்டின் உயிர்நாடி, யார் எந்தப் பிரிவில் ஆடலாம் என்று வகைப்படுத்துவது. கால் இல்லை என்றால் கண்ணுக்குத் தெரியும். அறிவுத்திறன் குறைவு தெரியாது. சோதனையில் வேண்டுமென்றே தப்பாக எழுதியும் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். நம்பத்தகுந்த அளவுகோல் இல்லாமல் பதக்கம் கொடுத்தால், உண்மையான வீரரின் பதக்கத்தின் மீதும் சந்தேகம் விழும். ஆகவே அளவுகோல் கிடைக்கும்வரை நிறுத்தி வைப்போம் என்றார்கள்.

ஆனால் அந்த அளவுகோலைக் கண்டுபிடிப்பது யார் வேலை? நிர்வாகத்தின் வேலை. அது முடியாமல் கழிந்த ஒவ்வொரு ஆண்டும் வீரரின் வயதிலிருந்து கழிந்தது. சிட்னியில் 20 வயதாக இருந்தவருக்கு, கதவு மீண்டும் திறந்த 2012 லண்டன் பாராலிம்பிக் வரும்போது 32. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த ஸ்பெயின் அணியிலேயே உண்மையான குறைபாடு உடைய இருவர் இருந்தார்கள். அவர்களும் பதக்கத்தை இழந்தார்கள். தடையால் அதிகம் இழந்தவர்களோ, தமக்காக மனு எழுதவும் வழக்காடவும் மற்றவர்களைவிடச் சிரமப்படுகிறவர்கள்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்ட வீரர் பென் ஜான்சன் ஊக்கமருந்தில் பிடிபட்டார். அதற்காக 100 மீட்டர் ஓட்டத்தையே நீக்கிவிடலாம் என்று யாராவது நினைத்தார்களா? வலுவானவர் தப்பு செய்தால் அவர் மட்டும் வெளியேறுகிறார். எளியவர் பெயரால் தப்பு நடந்தால் எளியவர் எல்லோரும் வெளியேற வேண்டியிருக்கிறது. இது மனசாட்சியை உறுத்தாமல் இருக்க முடியாது.

கிரேவன் காலத்திலேயே இன்னொரு கூட்டுத் தண்டனையும் உண்டு. 2016 ஆகஸ்டில், ரியோ பாராலிம்பிக்குக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஊக்கமருந்து மோசடிக்காக ரஷ்ய அணி முழுவதையும் அவர் தலைமையிலான கமிட்டி விலக்கியது. ரஷ்யர்களைச் சேர்ப்பதா என்ற முடிவை ஒலிம்பிக் கமிட்டி ஒவ்வொரு விளையாட்டுச் சம்மேளனத்தின் தலையிலும் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்ட நேரம் அது. தப்பே செய்யாத ரஷ்ய வீரர்களும் அதில் அடிபட்டிருப்பார்கள். ஆயினும் இந்த முடிவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அங்கே கெட்டுப்போனது ஊக்கமருந்துச் சோதனை முறையே. சிறுநீர் மாதிரிகளே மறைந்துபோன நாட்டில், யார் சுத்தம் என்று நிரூபிக்க வழியில்லை. ரஷ்ய வீரர்களைச் சேர்த்துக் கட்டியது ஒரு கெட்டுப்போன அமைப்பு. 2001 தடையில் போலந்து நீச்சல் வீரரையும் ஆஸ்திரேலிய ஓட்டக்காரரையும் ஸ்பெயின் மோசடியோடு சேர்த்துக் கட்டியது எது? அவர்களுடைய குறைபாடு மட்டுமே. அமைப்பின் குற்றத்துக்கு அமைப்பைத் தண்டிக்கலாம். பிறவியில் வந்ததைக் காரணமாக்கி ஒரு கூட்டத்தையே வெளியே நிறுத்த எந்த நிர்வாகிக்கும் உரிமை கிடையாது. ஒரு தவணை என்றாலாவது பொறுக்கலாம். பெய்ஜிங்குக்கும் சேர்த்து நீட்டியது அநியாயம்.

அறிவுசார் குறைபாடு ஓட்டத்தையும் நீச்சலையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்து புதிய சோதனை முறைகளை வகுத்த பிறகு, 2009 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய பாராலிம்பிக் கமிட்டியின் பொதுக்குழு இந்த வீரர்களைத் திரும்பச் சேர்க்க வாக்களித்தது. மோசடி நடந்தபோது ஸ்பெயின் சம்மேளனத்தின் தலைவராக இருந்த பெர்னாண்டோ மார்ட்டின் விசென்தேக்கு 2013இல் மாட்ரிட் நீதிமன்றம் விதித்த அபராதம் 5,400 யூரோ. வாங்கிய அரசு மானியத்தையும் திருப்பித் தரச் சொன்னது. 2012 லண்டனில் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் ஆகிய மூன்றில் அறிவுசார் குறைபாடு உடைய வீரர்கள் ஆடினார்கள். கூடைப்பந்து மட்டும் இவர்களுக்கு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.