போரை முடித்தது எது?

1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பெரும்படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்கடித்தார். சென்னையைக் காப்பாற்றியது அந்த வெற்றிதான் என்று ஆங்கிலேயர் பெருமையோடு எழுதிவைத்தார்கள். ஆனால் போர் அதற்குப் பிறகும் இரண்டரை ஆண்டுக்கு மேல் நீண்டது. 1782 டிசம்பரில் ஹைதர் இறந்தார். மறு ஆண்டு ஐரோப்பாவில் சமாதானம் ஏற்படவே, மைசூர் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையின்படி, பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்தன. போர் முடிந்ததற்கு ஒற்றைக் காரணம் காட்டுவது வென்றவர்களுக்கு எப்போதும் வசதி.

1945இல் ஜப்பானை வென்ற அமெரிக்காவுக்கு அந்த வசதி இன்னும் அவசரமாகத் தேவைப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் மாண்டிருந்தார்கள். அணுகுண்டுதான் ஜப்பானைப் பணியவைத்தது என்றால், அந்தச் சாவுகளைச் சமாதானத்தின் விலை என்று சொல்லிவிடலாம்.

சான்றுகள் அவ்வளவு எளிதாக இணங்கவில்லை. ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமா அழிந்தது. 8ஆம் தேதி போர் அறிவித்த சோவியத் ஒன்றியம் அன்றிரவே மஞ்சூரியாவுக்குள் படை அனுப்பியது. மறுநாள் காலை டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட போர்க்குழு கூடியிருந்தபோது நாகசாகிச் செய்தி வந்தது. அப்போதும் சரணடையும் நிபந்தனைகள் பற்றி ஆறு பேரும் மூன்றுக்கு மூன்றாகவே நின்றார்கள். பேரரசர் தலையிட்டபின்தான் முடிவு பிறந்தது. 15ஆம் தேதி மக்களுக்கு ஒலிபரப்பான அறிக்கையில் கொடிய குண்டு பேசப்பட்டது. 17ஆம் தேதி படையினருக்கு விடுத்த அறிக்கையிலோ குண்டு இல்லை, சோவியத் நுழைவு இருந்தது. இரண்டும் சேர்ந்தே தள்ளின என்பதுதான் நியாயமான முடிவு. நாகசாகியின் பங்கு அதில் மிகக் குறைவு.

குண்டுக்கு ஆதரவான வலுவான வாதம் தமிழர் பக்கமிருந்தே எழக்கூடும். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் காட்டிலேயே மடிந்தவர்கள் ஏராளம். எஞ்சியவர்களுக்கு ஆகஸ்ட் 15 உயிர்ப்பிச்சை. அந்த நிம்மதியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஹிரோஷிமாவில் வெந்தவர்கள் யார்? தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வெளியமைக்கும் வேலைக்கு அழைத்துவரப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஜப்பான் கட்டாயமாகக் கொண்டுவந்த கொரியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். சயாம் காட்டில் தமிழர் பட்டதையே பட்டவர்கள் அவர்கள். ஒரு கூலியை மீட்க இன்னொரு கூலியை எரித்ததை நீதி என்று எப்படிச் சொல்வது?

பலன் கிடைத்தாலே செயல் சரியாகிவிடும் என்றால், 1780இல் ஆற்காட்டுச் சீமையின் ஊர்களை ஹைதரின் குதிரைப்படை எரித்ததும், ஆங்கிலேயக் கும்பினி பணிந்திருந்தால் சரியாகியிருக்கும். அதை ஏற்க மனம் வராதவர்கள் ஹிரோஷிமாவையும் ஏற்க முடியாது.

குண்டு போட்டதால் ஜப்பான் சரணடைந்தது என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லி முடிக்கும் ஆசிரியர்கள், மஞ்சூரியாவையும் கொரியத் தொழிலாளர்களையும் அந்த வரியோடு சேர்த்துச் சொல்லட்டும்.