தேதி கிழித்த தாள்கள்

கத்தரிக்கோல் பட்ட வெட்டு இல்லை அது. தாளை மடித்து, எச்சில் தொட்டு, நகத்தால் நீவிக் கிழித்தால்தான் அவ்வளவு நேராகப் பிரியும். மலேசியாவின் நீலாய்க்கு அருகே ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வீட்டில் அந்த அம்மா எடுத்துக் காட்டிய பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டில் ஒவ்வொரு தாளும் அப்படித்தான் கிழிபட்டிருந்தது. பத்திரிகையின் பெயர் இருந்தது, செய்தி இருந்தது, படம் இருந்தது. தேதி அச்சான கீற்றை மட்டும் காணோம்.

ஏன் என்று கேட்டேன்.

"தேதிய வச்சுக்கிட்டு என்னா செய்யறது தம்பி? சங்கதிதான் இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்க எழுந்து போனார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பேரன் வாசிக்கக் கேட்டவர்.

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' பத்திரிகை 2019இன் தொடக்கத்தில் நின்றுபோன சில மாதங்களில் நடந்தது இது. அந்தச் சமயத்தில் பழைய தாள் வைத்திருப்பவர்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கட்டில் நான் எழுதியவையும் இருந்தன: மாரியம்மன் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்டத்து லயக் குடியிருப்புகளை இடிக்கப்போகும் சேதி. என் வாக்கியங்களை எனக்கு அடையாளம் தெரிந்தது. எந்த வருடத்து வாக்கியங்கள் என்றுதான் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கிழிசல் என்னை விடவில்லை.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று தோட்டம் தோட்டமாக அலைந்து செய்தி எழுதியே தலை நரைத்தவன் நான். தேதிதான் என் தொழில். ஏழைக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது என்று இன்றும் நம்புகிறேன். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் போடும்போது மேடையில் மாலை போட்டுக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் வீடு உண்டு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கத்துச் சிப்பாங்கில் விமான நிலையம் 1998இல் திறந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் நீலாய், லாபு பக்கம் ரப்பரும் செம்பனையும் போய் வீடுகள் எழும்பியபோது, அப்படிச் சொன்ன வார்த்தையை யாரும் எழுதித் தரவில்லை. பத்திரிகை வெட்டு ஒன்றுதான் சாட்சி. இன்ன நாளில், இன்ன மேடையில், இன்னார் சொன்னார். நாளைக் கிழித்துவிட்டால் அது வெறும் பேச்சு. கட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

அதே தேதி எங்கள் ஜனங்களை எவ்வளவு படுத்தியிருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமைக்கு அலைந்த கிழவர்களுக்குத் துணையாகப் பதிவு அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பிறந்த தேதி கேட்பார்கள். "ஜப்பான்காரன் வந்தப்ப நான் தவழ்ந்தேனாம்." "அப்பாவ சயாம் ரயிலுக்குப் பிடிச்சுக்கிட்டுப் போனப்ப நான் வயித்துல." 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதைக்குத் தோட்டத்து ஆண்களை அள்ளிப் போனது 1942, 43இல். பிள்ளையின் வயதை அதை வைத்துக் கணக்கிட்டுவிடலாம்தான். ஆனால் படிவத்தில் அப்படி எழுத இடம் இல்லை. துண்டாடல் காலம், பெர்மிட்டு வந்த வருசம், ரஜூலா கப்பல் ஏறி அத்தை ஊருக்குப் போன வருசம் என்றுதான் அவர்கள் ஆயுள் நகர்ந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதைத் தடுக்கத் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டது 1960இல் என்பது எனக்குத் தெரியும். சம்பளத்தில் பிடித்துப் பங்குப் பணம் கட்டிய என் பெரியம்மாவுக்கு அது "சம்மந்தன் காசு கேட்ட காலம்", அவ்வளவுதான்.

பெனடிக்ட் ஆண்டர்சன் என்றொரு அறிஞர் தேசங்களைப் பற்றி 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். யாரோ இரவல் கொடுத்து, பாதிக்கு மேல் புரியாமல் திருப்பித் தந்தேன். ஓர் இடம் மட்டும் தங்கிவிட்டது. பத்திரிகையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது மேலே இருக்கும் தேதிதான் என்கிறார். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத செய்திகளைக் கோத்து வைப்பது அதுதானாம். ஒருவரையொருவர் பார்த்தறியாத ஆயிரம் பேர், ஒரே நாளில் ஒரே தாளைப் பிரிக்கிறோம் என்ற நினைப்பிலேயே ஒரு சமூகமாகிறார்கள். படித்தபோது சிலிர்த்தது.

ஆனால் எங்கள் தோட்டத்துக்குப் பத்திரிகை மறுநாள்தான் வரும். சிரம்பான் பஸ்ஸில் கண்டக்டர் கையில் வந்து, கடைசியாக அப்பாவிடம் சேரும். பால்வெட்டு முடிந்து, குளித்து, விளக்கேற்றியபின் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். முதலில் தேதியும் கிழமையும், பஞ்சாங்கம் வாசிப்பதுபோல. "அண்ணே, அது நேத்துக் கிழமைல்ல" என்று யாராவது சொல்வார்கள். "நமக்கு வந்து சேர்ந்த நாள்தான்டா நமக்கு இன்னிக்கு" என்பார். 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்த சேதியை வானொலி முன்பே சொல்லிவிட்டது. தோட்ட அலுவலகக் கிராணி வீட்டில் கேட்டுவிட்டு வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அப்பா தாளைப் பிரித்து வாசித்தபோதுதான் லயமே வாய்விட்டு அழுதது. அன்றைக்கு மட்டும் அவர் தேதியை வாசிக்கவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது பதினைந்து வயது, அப்பாவிடம் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அந்த அம்மாவும் அப்படித்தான் விட்டாரோ? இடிக்கும் சேதிக்குத் தேதி இல்லையென்றால் லயம் இடிபட்ட நாள் என்று ஒன்று இல்லை. திருவிழாத் தாளுக்குத் தேதி இல்லையென்றால் திருவிழா முடிந்த நாளும் இல்லை. இப்படி நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே இதை நம்பத் தயக்கமாகவும் இருக்கிறது. எழுதுகிறவன் மனசு எழுதாதவர் கையில் அர்த்தத்தைத் திணித்துவிடும். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு அந்தக் கீற்றை முடிந்து வைத்தாரோ என்னவோ. எழுத்து தெரியாத விரல் அந்த ஒரு வரியை மட்டும் தப்பாமல் கண்டுபிடித்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? எண் தெரிந்திருக்கும். ரப்பர்ப்பால் மங்குக் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்த்த கண் அல்லவா.

பழைய தாள் இருக்கும் நூலகத்துக்குப் போனால் அந்தத் தேதிகளை நானே தேடி எடுத்துவிடலாம். தெரிந்துகொண்டு என்ன செய்வேன் என்று தெரியாததால் போகவில்லை.

இப்போது என் செய்தி வெட்டுகளைக் கணினியில் ஏற்றித் தர மகள் வாரம்தோறும் வருகிறாள். வருடவாரியாக அடுக்கச் சொல்கிறாள். நாளை யாராவது ஆராய்ச்சிக்குத் தேடினால் அதுதான் வசதி என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோட்டவாரியாக அடுக்கினால் லின்சம் தோட்டத்துக்காரர் வந்து லின்சம் என்று கேட்டு எடுத்துப் போகலாம். அப்படி யார் வருவார், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியவில்லை. பாதியை அவள் சொன்னபடி அடுக்கியாயிற்று. மீதியை என்ன செய்வதென்று முடிவு செய்யாமலே வைத்திருக்கிறேன்.