ஓடும் ஆற்றிலும் விரயம் உண்டு

நீலத் தொட்டியில் காகிதம், பழுப்புத் தொட்டியில் கண்ணாடி, ஆரஞ்சுத் தொட்டியில் டின்னும் பிளாஸ்டிக்கும் என்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவந்து ஒப்பிக்கிறார்கள். நல்ல காரியந்தான். பினாங்கில் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கும் திட்டம் 2016-இல் தொடங்கிய பின் அவசியமும் ஆயிற்று. ஆனால், சரியான தொட்டியில் போட்டுவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கி எறியலாம் என்று பிள்ளை எண்ணிக்கொண்டால் என்ன செய்வது? எடை பார்த்துப் பரிசளிக்கும் போட்டிகளோ அதிகப் போத்தல் சேர்த்தவனையே கெட்டிக்காரனாக்குகின்றன. அதிகம் சேர வேண்டுமானால் அதிகம் வாங்கிக் குடிக்க வேண்டுமன்றோ?

இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. ஒளுச் செய்துகொண்டிருந்த ஸஅத் (ரலி) அவர்களைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இதென்ன விரயம் என்று வினவினார்கள். ஒளுவிலுமா விரயம் என்று அவர் கேட்க, ஓடும் ஆற்றருகே இருந்தாலும் உண்டு என்பதே பதிலாயிற்று. (அறிவிப்பாளர் வரிசையில் குறை சொன்ன அறிஞர்கள் உண்டு. ஒளுவின் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்பதில் மட்டும் அவர்களிடையே பேதமில்லை.)

இதைச் சற்றே ஊன்றிப் பாருங்கள். ஆற்றோரத்தில் அள்ளி வார்த்த நீர் ஆற்றுக்கே திரும்பிவிடும். அதைவிடச் சிறந்த மறுசுழற்சி ஏது? ஒருவருக்கும் ஒரு துளி நட்டமில்லை. அப்படியிருந்தும் அது விரயமே. ஆகவே பொருள் திரும்பி வந்துவிட்டது என்பதனால் குற்றம் தீர்ந்துவிடாது; தேவைக்கு மேல் நீண்ட கையில் அது நிற்கிறது. "என் காசு, என் பொருள், யாருக்கென்ன?" என்ற வாதமும் இங்கே எடுபடாது. பொருள் நம்மிடம் அமானத்தாக வந்தது.

நம் குப்பையோ ஆற்று நீர்போல் திரும்புவதுமில்லை. தீவின் குப்பை கடல் தாண்டி, நிபோங் திபால் பக்கம் புலாவ் புரோங் கிடங்குக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அது தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. எறிந்தவர் ஒரு கரையில், புகையை விழுங்கியவர் மறு கரையில்.

பள்ளியில் படித்ததைப் பிள்ளை நம் கடையில் வந்துதான் சரிபார்க்கிறது. ஒரு பொட்டலம் நாசி கண்டாருக்கு பிளாஸ்டிக் பூசிய தாள், குழம்புக்கு ஒரு பை, தூக்கிச் செல்ல இன்னொரு பை! வாழையிலையும் பழைய பத்திரிகையுமாக நடந்த தொழில் இது. காலிச் சாக்கையும் எண்ணெய் டின்னையும்கூட விலைபேசி விற்ற கடைக்காரர்களுக்குச் சிக்கனத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பையில்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் மெய்யானதே. ஆனால் 2009 ஜூலையில் இம்மாநிலம் திங்கட்கிழமைகளில் இலவசப் பையை நிறுத்தி, 2011 முதல் எல்லா நாளும் பைக்கு 20 காசு என்றாக்கியபோது வியாபாரம் படுத்துவிடவில்லை. பலர் கையில் பையோடு வரப் பழகினார்கள். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது, அதுவே காரணம்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் பல்லாண்டு தலைமை தாங்கி, 2019 மே மாதம் காலமான ஹாஜி எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்களும் ஒரு வர்த்தகரே. தேவையற்றதை வாங்காதீர் என்று ஊருக்குச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது.

அவ்வளவு துணிவு நம் எல்லாருக்கும் வாய்க்காமலிருக்கலாம். பாத்திரம் கொண்டுவருவோருக்கு 20 காசு தள்ளுபடி என்று ஒரு தெருவிலுள்ள நம் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் அட்டை எழுதி மாட்டுவது முடியாத காரியமல்ல. எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம்.