முற்றத்து வேம்பு



தறித்த மரத்தின் கட்டையை என்ன செய்வது என்பது மரவேலைக்காரரின் தொழிற்கேள்வி என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். வலிகாமத்துத் தாயார் ஒருவர் எம்மிடம் வந்து பேசிய பின்புதான் அதில் மனச்சாட்சிக்கும் ஒரு வழக்கு இருக்கிறதென்று விளங்கிற்று.

அவர் தமது வளவைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். மகளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு வேம்பு நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் அவர்கள் விட்டுச் சென்ற மரம் அது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வேம்பு நின்றது. வீடு திருந்தும் வரை அதன் நிழலிலேதான் அடுப்பு மூட்டினார்களாம். இப்போது மரக்காலைக்காரர் ஒரு விலை சொல்கிறார், விறகுக்காரர் வேறொரு விலை சொல்கிறார். கனடாவிலுள்ள மகனோ, “அம்மா, அதிலை எனக்கு ஒரு கிண்ணமாவது கடைஞ்சு அனுப்புங்கோ” என்கிறான்.

“சுவாமி, விறகுக்குக் குடுத்தால் பாவமோ?” என்று கேட்டார் தாயார்.

பாவம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. பாண் சுடுகிற விறகு இழிந்ததா? பசித்தவனுக்கு அதுவும் ஒரு பணிதான். கண்ணாடி அலுமாரிக்குள் தூசி படிந்திருக்கும் கிண்ணத்தை விட அது மேலானது என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் மகனின் ஆசையையும் நாம் எளிதாய்த் தள்ளிவிடலாகாது. தன்னைத் தாலாட்டிய நிழலைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்புகிறான் அவன்.

கடைச்சல் தொழில் தெரிந்த முதியவர் ஒருவரிடம் விசாரித்தோம். “சுவாமி, மரம் விழுந்த அன்றே வேலை தொடங்குது” என்றார். பச்சை மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே முழுக் கட்டையை வெயிலில் போட்டால் அது நடுவரை வெடித்துப் பிளந்துவிடும். நடுமையத்தை நீக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். அறுத்த முனைகளுக்கு மெழுகு பூச வேண்டும். நிழலில் வைக்க வேண்டும். பச்சையாகவே கடைவதானால் 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலத் தடிப்பு விட்டு, முதலில் முரடாகக் கடைந்து, மாதக்கணக்கில் ஆறப்போட வேண்டும். அதற்குள் கிண்ணம் கோணி முட்டை வடிவாகிவிடும். பின்பு மீண்டும் பட்டறையில் ஏற்றிச் சரிசெய்ய வேண்டும். (பனையில் இது நடவாது. அதன் வைரம் வெளிப்புறத்தில்; உள்ளே வெறுஞ்சோறு. இதனாற்றான் தொல்காப்பியர் வைரம் வெளியே உள்ளதைப் புல் என்றும் உள்ளே உள்ளதை மரம் என்றும் வகுத்தார். அவர் கணக்கில் நமது பனை புல்!)

எதையும் வீணாக்காமல் மரத்தைப் பயன்படுத்துவது உயர்ந்த செயல். 1998இல் இங்கிலாந்தின் டட்டன் பூங்காவில் 170 வயதுடைய ஓக் மரம் ஒன்றைத் தறித்தபோது, அதைப் பல கைவினைஞருக்குப் பகிர்ந்து கொடுத்து, இலையும் மரத்தூளும் கூடப் பயன்படும்படி செய்தார்கள். ஆயினும் எமக்கு ஓர் ஐயம் உண்டு. ஒரு கிண்ணம் கடையும்போது கட்டையின் பெரும்பகுதி சீவலாய்த் தரையில் விழுகிறது. எஞ்சிய சிறு பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, “மரம் இன்னும் எம்மோடுதான் இருக்கிறது” என்று சொல்லும்போது நாம் யாரைத் தேற்றுகிறோம்? மரத்தையா, எம்மையா?

போர்க்காலத்தில் காவலரண்களுக்காக நமது பனைகள் தோப்புத் தோப்பாய்ச் சரிந்தன. அதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறோம், வருந்த வேண்டியதுதான். நகரொன்றை முற்றுகையிடும் படையினரும் அதன் கனிமரங்களை வெட்டலாகாது என்று இணைச்சட்ட நூலின் 20ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆனால் படை எதுவும் வராத காலத்தில், பூவரசும் கிளுவையும் நின்ற வேலியைப் பிடுங்கி மதில் எழுப்பியவர்கள் யார்? பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்கலாகாது என்று 1951ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அனுமதிக் கடதாசி கையில் கிடைத்ததும் கேள்வி தீர்ந்துவிட்டதென்று நாம் நினைக்கிறோம். தறிக்கத்தான் வேண்டுமா என்று கோடரி எடுக்கும் முன்பே கேட்க வேண்டியது நமது பொறுப்பு. அதைக் கேளாமல் விட்டவர் எத்தனை அழகான கிண்ணம் கடைந்தாலும் அந்தக் கேள்விக்கு அது விடையாகாது.

ஆகவே தாயாரின் கேள்விக்கு ஒரு கேள்வியையே பதிலாக வைத்தோம். “அத்திவாரத்தை நாலடி தள்ளிப் போட முடியாதா?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கேளாமலோ சுவாமி? இரண்டு பரப்புக் காணி. அங்காலை தள்ளினால் மலகூடக் குழி கிணத்துக்குக் கிட்ட வந்திடும். மேசனோடை மூன்று நாள் சண்டை பிடிச்சனான்.”

நமது சுண்ணக்கல் நிலத்தில் குழியின் அழுக்கு கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது என்பதை அறிந்தவர்கள், அவர் சொன்னதை மறுக்க மாட்டார்கள். நாமும் வாயை மூடிக்கொண்டோம்.

வேம்பு விழுந்தது. கொப்புகளை விறகுக்குக் கொடுத்தார். அடிமரம் பலகையாகி மகள் வீட்டுக் கதவுக்குப் போகிறது. பிளந்த கட்டைகள் இரண்டு, முனைகளில் மெழுகுடன், தாழ்வாரத்தில் சாக்கின் கீழ்க் கிடக்கின்றன. மகன் கிழமைக்கு ஒருதரம் தொலைபேசியில் கேட்கிறானாம். இன்னும் காயவில்லை என்று அவர் சொல்கிறாராம்.