அவர்கள் செய்த குற்றம் என்ன?

ஒரு மாலைப்பொழுதில் வரலாற்றுப் பாடநூலைக் கையில் ஏந்தி வந்த நம் மகன் கேட்டான்: "அப்பா, நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்களாமே! அவர்கள் செய்த குற்றம் என்ன?"

அவ்வினா நம்மைத் திடுக்கிடச் செய்தது. நாமே ஊட்டிய நம்பிக்கையொன்று அதனுள் ஒளிந்திருந்தது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சொல்லித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம்? தண்டனை உண்டெனில் குற்றமும் இருந்திருக்க வேண்டும் என்று பிஞ்சு உள்ளம் கணக்கிடுகிறது. அக்கணக்கை இங்கே ஒப்புக்கொண்டால், மாண்டவர்களை மறுமுறையும் தண்டித்தவர்களாவோம். ஆதலின் நாம் கூற வேண்டிய முதல் விடை இதுவே: "குற்றம் ஏதும் இல்லை. யூதராய்ப் பிறந்தார்கள், அவ்வளவே."

இனி, எவ்வளவு சொல்வது? பிணக்குவியல்களின் படங்கள் அச்சத்தை வளர்க்குமேயன்றி அறிவை வளர்க்கமாட்டா. முற்றும் மறைத்தலோ பொய்யாகும். மாண்டோருள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள் என்னும் எண்ணும் சிறுவர் மனத்தில் தங்காது. ஓர் இல்லத்தின் கதை தங்கும். வார்சா நகரில் அநாதை இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், 1942 ஜூலையில் தம் குழந்தைகளை நடிக்கச் செய்தது நம் தாகூரின் 'அஞ்சலகம்' நாடகத்தை. நோயுற்று வீட்டுக்குள் அடைபட்ட சிறுவன் அமல், அரசனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கதை அது. அடுத்த மாதமே அக்குழந்தைகள் ஏறத்தாழ 200 பேர் ட்ரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். தாம் மட்டும் தப்பும் வாய்ப்பை மறுத்த கோர்ச்சாக், அவர்களுடனேயே சென்றார்.

"யார் செய்தார்கள்?" என்பது மகனின் அடுத்த வினா. இட்லர் என்று ஒரு பெயரைச் சொல்லி நாம் தப்பிவிடலாம். ஆனால் யூதரின் குடியுரிமையைப் பறித்த 1935ஆம் ஆண்டுச் சட்டங்களை வரைந்தோரும், பட்டியலைத் தட்டச்சு செய்தோரும், இரயிலுக்கு நேரம் குறித்தோரும் மாதச் சம்பளம் பெற்ற அலுவலர்களே. நாடுகடத்தலை ஒழுங்கு செய்த ஐக்மன், 1961இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில், கட்டளைக்குப் பணிந்ததாகவே வாதாடினான். கோப்புகளுக்கும் மேலதிகாரியின் குறிப்புகளுக்கும் இடையே வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு அவ்வாதம் அந்நியமானதன்று. அதுவே நம்மை உறுத்துகிறது.

ஆயினும் 1940இல், லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில், ஜப்பானியத் தூதரக அலுவலர் சியூனே சுகிஹாரா, தம் அரசின் அறிவுறுத்தலை மீறி, அகதிகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட விசாக்களை எழுதித் தந்தார். அவர் கையில் இருந்ததும் பேனாவே.

இதனைக் கேட்ட மகன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்பா, நீங்களாய் இருந்தால் எழுதியிருப்பீர்களா?" என்றான். 'ஆம்' என்று சொல்ல நா எழவில்லை. "எழுதும் துணிவு வேண்டுமென்று விரும்புகிறேன்" என்றோம். பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லத் தொடங்குமுன், பெற்றோராகிய நாம் இவ்வொரு வினாவுக்கேனும் நம்மை ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும்.